புளியமரத்துப் பெட்டி

என் அக்கா புருஷன் சண்முகையா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் சங்கரன்கோவிலில் என்ன செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார்கள். பிராகாரத்தில் உட்கார்ந்து பென்ஷன், சர்க்கரை, மருமகள் ஆகிய மூன்றையும் பேசித் தீர்ப்பார்கள். கோமதியம்மன் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இவர் மரங்கொத்திக்குப் பெட்டி செய்தார்.

எனக்குக் கழுகுமலை ரோட்டில் மர அறுவை மில். பெட்டிக்கான பலகை, மரத்தூள் எல்லாம் என் மில்லிலிருந்துதான் போயின. அதனால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று என் அக்கா சுப்புலட்சுமி இன்றைக்கும் சொல்கிறாள். சொல்லட்டும். அவள் வாயை அடைக்கிற அளவுக்கு என் மில்லில் மரத்தூள் கிடையாது.

ஏன் மரங்கொத்தி, ஊரில் வேறு குருவியே இல்லையா என்று அவரிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைதான் பதில் சொன்னார்.

"கம்பத்துல ஏறி பெல்ட்ட மாட்டிக்கிட்டு நிக்கேம்லா, அப்ப பக்கத்துத் தென்னையில அதுவும் வந்து நிக்கும். நம்மள மாதிரியே செங்குத்தா நின்னு வேலை பாக்குதது அது ஒண்ணுதாம்ல. கீழ ஒரு பயலுக்கும் நம்ம கஷ்டம் தெரியாது, அதுக்குத் தெரியும்."

அதற்குமேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயராது. பேச்சு குறைந்த மனிதர். சில நேரம் அதைப் பொறுமை என்று நினைப்போம், சில நேரம் அழுத்தம் என்று நினைப்போம். என் கணக்கில் அழுத்தம்தான்.

அவர் சொல்ல வந்தது இவ்வளவுதான். மரங்கொத்தி பச்சை மரத்தில் பெரும்பாலும் வீடு கட்டாது. பட்டுப்போன மரம் வேண்டும், உளுத்த நடுவு வேண்டும். நம் பக்கத்தில் பட்ட மரத்தை யார் நிற்க விடுகிறார்கள்? கூன்வண்டு விழுந்து தலை சாய்ந்த தென்னையை அன்றைக்கே சாய்த்துக் கொளுத்துகிறார்கள். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று இரண்டு பக்கமும் நின்ற கிழட்டு மரங்களை எல்லாம் எடுத்தாயிற்று. மிச்சம் மீதி இருந்தால் செங்கல் சூளைக்குப் போகும், இல்லாவிட்டால் என் மில்லுக்கு வரும். பறவைக்கு நான் எதிரி என்று அவர் வாயால் சொன்னதில்லை. என் மில்லுக்குள் வந்து அடுக்கி வைத்த கட்டைகளில் ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பார். அந்தப் பார்வை போதும்.

முதலில் செய்த பெட்டிகள் எல்லாம் வீண். நல்ல பெட்டிகள்தான், சரிவாக ஒரு கூரை, முன்பக்கம் வட்டமாக ஒரு வாசல். மைனா வந்து குடியேறியது. அணில் பஞ்சைக் கொண்டுவந்து திணித்தது. ஒரு பெட்டியில் தேனீ கட்டி, அதைக் கழற்றப் போன அத்தானின் முகம் இரண்டு நாள் பூசணிக்காயாக இருந்தது. அக்கா அப்போதுகூடச் சிரிக்கவில்லை, பெட்டியையும் உங்களையும் சேர்த்து அடுப்பில் வைக்கிறேன் என்றாள்.

பிறகு போனில் எதையோ பார்த்துத் தெரிந்துகொண்டு வந்தார். வெறும் பெட்டியை மரங்கொத்தி மதிக்காதாம். தானே கொத்திக் குடைந்தால்தான் அதற்கு அது வீடாம். அதனால் பெட்டிக்குள் மரத்தூளையும் மரச்சீவலையும் வாய்வரை போட்டு, உலக்கையால் இடித்து இறுக்க வேண்டும். பறவை வந்து வாசலில் தொற்றிக்கொண்டு அந்தத் தூளைக் கொத்தி வெளியே தள்ளித் தள்ளி உள்ளே இறங்கும். உளுத்த மரத்துக்குள் இறங்குகிறோம் என்று நினைத்துக்கொள்ளும்.

"அப்ப பறவைய ஏமாத்துதீங்க" என்றேன்.

"பட்ட மரத்தை எல்லாம் அறுத்துட்டு இருக்குத நீ இதச் சொல்லக் கூடாதுல" என்றார். நியாயம்தான். மூட்டை மூட்டையாக மரத்தூளை அவருடைய மொபெட்டில் ஏற்றிவிட்டேன்.

தூள் அடைத்த பெட்டிகளுக்கும் பறவை வரவில்லை. தோப்புக்காரர்கள் விரட்டினார்கள். மரங்கொத்தி வந்தால் தென்னை போய்விடும் என்று அவர்களுக்குப் பயம். தோப்பு இல்லாத இடத்தில் மாட்டினால் பையன்கள் கல்லெறிந்து பார்த்தார்கள். வருஷம் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெட்டியிலாவது பறவை இறங்க வேண்டும், அதன் குஞ்சு பறக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டால் போதும் என்பார். அறுபதைத் தாண்டிய மனிதருக்கு அது ஒன்றுதான் ஆசையாக இருந்தது. பேரன் பேத்தி இல்லாத வீடு. வேறு ஆசை வைக்க இடமும் இல்லை.

ஊருக்கு மேற்கே, ராயகிரிக்குப் போகிற வழியில் பண்டாரங்குளம் என்று ஒரு குளம் இருக்கிறது. கரை நெடுகப் புளியமரங்கள் நின்ற காலம் உண்டு. இப்போது ஒரே ஒரு புளி, அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு ஒற்றைப் பனை. கரைக்குக் கீழே பத்துப் பதினைந்து வீடுகள். அதில் ஒன்று பேச்சித்தாயுடையது. புருஷன் இல்லை, மகன் பாண்டியராஜ் மினி லாரி ஓட்டுகிறான். மகள் முத்துமாரி ராஜபாளையத்துப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேனில் போய் வந்துகொண்டிருந்தாள். இருபது வயதுகூட ஆகாத பிள்ளை.

மில்லில் கூட வேலை பார்த்த ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் பிடிக்கவில்லை. நம் பக்கத்தில் அதற்கு என்ன காரணம் இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணன்காரன் போனைப் பிடுங்கினான், வேனை நிறுத்தினார்கள், வேறு இடத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். தை மாதம் ஒரு விடியற்காலையில் அந்தப் பிள்ளை கரையில் நின்ற புளியமரத்துக்குப் போய்விட்டாள். துக்கத்துக்கு நானும் போயிருந்தேன். பேச்சித்தாய் அழவில்லை. வீட்டுக்குள் ஒரு அறையின் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பெண்கள் எவ்வளவு இழுத்தும் அந்தப் பார்வையைத் திருப்ப முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம், பட்டப்பகலில், உச்சி வேளையில், என் அத்தான் அந்தப் புளியமரத்தில் ஏணியைச் சாத்தி ஏறி, நாலு பெரிய ஆணி அடித்துப் பெட்டி மாட்டினார்.

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"உங்களுக்கு வேற மரமே கெடைக்கலியா? இப்பத்தான் ஒரு பிள்ள..."

"அதனாலதாம்ல" என்றார் நிதானமாக. "இனிமே அந்த மரத்துக்கிட்ட ஒருத்தனும் வரமாட்டான். புளி உலுக்க வரமாட்டான், கல்லெறிய வரமாட்டான். அங்கன ஒரு சோடி சுத்திக்கிட்டே இருக்கு, நான் பாத்து வச்சிருக்கேன்."

இதுதான் அவர். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் மரத்தைப் பார்க்கும்போது மரத்தில் ஓட்டை மட்டும்தான் தெரியும். அதற்கடியில் போன மாதம் யார் கிடந்தார்கள் என்பது தெரியாது.

அவருக்கு மரத்தில் பெட்டி தெரிந்தது. ஊருக்கு ஆணி தெரிந்தது. துர்மரணமாகப் போனவர்கள் அந்த மரத்திலேயே நிற்பார்கள் என்பதும், பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டிவந்து உச்சி வேளையில் மரத்தில் ஆணி அறைந்தால் அந்த ஆவி அதை விட்டு இறங்கி வராது என்பதும் இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். வயல் வேலைக்குப் போன பெண்கள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு ஆள் ஏணியில் நிற்கிறார், ஆணி அடிக்கிறார், கூடவே ஒரு பெட்டி. சாயங்காலத்துக்குள் செய்தி ஊர் சுற்றிவிட்டது. பாண்டியராஜ் ஆள் வைத்துத் தங்கச்சியைப் பெட்டிக்குள் அடைத்து ஆணியடித்துவிட்டான் என்று ஆனது. மறுநாள் யாரோ மரத்தடியில் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

டீக்கடையில் ஒருவர் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நல்ல காரியம் பண்ணுனீங்க அண்ணாச்சி. பிள்ளைக அந்த வழியா போகப் பயந்துக்கிட்டு இருந்துச்சு. இப்பத்தான் கொஞ்சம் தைரியமா போகுதுக."

அத்தான் வாயைத் திறந்தார். பிறகு டீயைக் குடித்தார். ஒரு வார்த்தை, அது குருவிப் பெட்டி அய்யா என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியே வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"விடுல. நெனச்சுட்டுப் போறானுவ. நம்ம ஒரு காவல்காரன் போட்டாலும் இப்படி ஒரு காவல் கெடைக்குமா?"

அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது. செத்த பிள்ளையைக் காவலுக்கு வைத்திருக்கிறார் என்று அப்போது எனக்கும் உறைக்கவில்லை.

மாசி கடைசியில் பறவை வந்தது. பொன் நிற முதுகு, தலையில் தீப்பிடித்த மாதிரி சிவப்புக் கொண்டை. சோடியாக வந்து, மாறி மாறிப் பெட்டி வாசலில் தொற்றிக்கொண்டு தூளைக் கொத்தித் தள்ள ஆரம்பித்தன. அத்தான் என்னைக் கூட்டிப்போய்க் குளத்துக்குள் ஒரு கருவேலம் புதருக்குப் பின்னால் உட்காரவைத்துக் காட்டினார். பலகை என்பதால் ஒவ்வொரு கொத்தும் பெரிதாகக் கேட்டது. டொக் டொக் டொக் என்று நாலைந்து, பிறகு கொஞ்சம் நிறுத்தம், மறுபடி டொக் டொக். வற்றிய குளம் முழுக்க அந்தச் சத்தம் பரவிக் கரைக்குக் கீழே இறங்கியது. மரத்தடியில் மரத்தூள் குவிந்தது. அது கோடாங்கி போட்ட பொடி என்று அந்த வழியாக வந்த ஒரு பெண் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிப் போனாள்.

அத்தானின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. கல்யாணத்து அன்றுகூட அவர் அவ்வளவு சந்தோஷமாக இல்லை என்று அக்காவிடம் சொன்னேன். எனக்குத் தெரியாதாக்கும் என்றாள் அவள்.

பங்குனியில் குஞ்சு பொரித்தன. மூன்று. கண்ணாடித் துண்டைக் கம்பியில் கட்டி வாசல் வழியாக விட்டுப் பார்த்து வந்து சொன்னார். இன்னும் இறகு முளைக்கவில்லை, பறக்க மூன்று வாரமாவது ஆகும் என்றார். வீட்டு நாள்காட்டியில் அந்தத் தேதிக்கு மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.

அந்த வாரம்தான் பேச்சித்தாய் அக்கா வீட்டுக்கு வந்தாள். பொழுது சாய்கிற நேரம். நான் மரத்தூள் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றாள். அக்கா உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. ஆள் பாதியாகிப்போயிருந்தாள்.

"அண்ணாச்சி, அந்த ஆணியப் பிடுங்கிருங்க."

அத்தானுக்கு முதலில் விளங்கவில்லை.

"எம் பிள்ளையக் கட்டிட்டீங்கன்னு ஊரே சொல்லுது. எம்மவன் ஒங்கள ஏவலன்னு அடிச்சுச் சத்தியம் பண்ணுதான். யாரு ஏவுனா என்ன, நீங்க அடிச்ச ஆணி. பிடுங்கிருங்க."

"அய்யோ, அது குருவிப் பெட்டி தாயி" என்றார் அத்தான். "மரங்கொத்தி கூடு கட்டுததுக்கு நான் செஞ்சு வச்ச பெட்டி. ஆவியும் இல்ல, கட்டும் இல்ல. ஒண்ணும் பண்ணல நான்."

"அப்ப ஊர்ல சொன்னப்ப ஏன் இல்லங்கல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"குருவின்னுதான் எம்மவனும் சொல்லுதான்" என்றாள். "ஆனா தட்டுதாளே அண்ணாச்சி. காலையில தட்டுதா, மத்தியானம் தட்டுதா. அடுப்படியில நின்னா கேக்குது, காதப் பொத்துனாலும் கேக்குது."

"அது குருவி கொத்துத சத்தம்மா. குஞ்சு இருக்கு உள்ள. இன்னும் மூணு வாரம், பறந்துரும். அன்னைக்கே நானே கழத்தி எடுத்துருதேன். மூணே வாரம்."

பேச்சித்தாய் அவரைப் பார்க்கவில்லை. அக்கா வீட்டுக் கதவைப் பார்த்தாள். துக்கத்தன்று பார்த்த அதே பார்வை.

"அன்னைக்கு ராத்திரி நான்தான் அவள அறையில வச்சுப் பூட்டுனேன். பயலோட போயிருவாளோன்னு. அம்மா தொற, அம்மா தொறன்னு தட்டிக்கிட்டே இருந்தா. ராவெல்லாம் தட்டுனா அண்ணாச்சி. நான் தொறக்கல. தட்டட்டும், கை ஓஞ்சா தூங்கிருவான்னு படுத்துக் கெடந்தேன். விடியப்போற நேரத்துல சத்தம் நின்னுச்சு. சரி, சமாதானமாயிட்டான்னு தொறந்துவிட்டேன். மொகத்தக் கழுவிட்டு வாரேன்னு போனா."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பேச்சித்தாயின் கண்ணில் அப்போதும் தண்ணீர் இல்லை.

"இப்பவும் அப்படித்தான் தட்டுதா. இப்பவாச்சும் நான் தொறக்கணும்லா? நாளைக்கு ஒரு நா என்னால கேக்க முடியாது. ஒங்க கால்ல விழுதேன்."

விழப் போனாள். அக்கா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். அத்தான் கையில் இருந்த மரச்சீவலை நொறுக்கிக்கொண்டே நின்றார். நான் சொல்கிறேன், வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே ஏணியைத் தூக்கியிருப்பார்கள். இவர் யோசித்தார். மூன்று குஞ்சையும் அந்தத் தாயையும் மனசுக்குள் எடை போட்டுப் பார்த்தார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் எத்தனை வருஷம் அந்தப் பெட்டிக்காக அலைந்தார் என்பதும் எனக்குத்தானே தெரியும்.

"ஆணி இல்லாம கயித்துல கட்டிருதேன் தாயி" என்றார் கடைசியில். "ஆணியப் பூராவும் பிடுங்கிருதேன். பெட்டி மட்டும் கயித்துல..."

"கயிறா?" என்றாள் பேச்சித்தாய்.

அத்தான் கையில் நொறுங்கியதைக் கீழே உதறினார்.

"காலையில வாரேன்" என்றார்.

மறுநாள் காலை ஏணியை நான்தான் பிடித்தேன். பேச்சித்தாய் மரத்தடியில் நின்றாள். அத்தான் பெட்டி வாசலில் ஒரு துணியை அடைத்துவிட்டு, குறட்டால் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். பச்சை மரத்திலிருந்து ஆணி வெளியே வரும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தோள் குலுங்கியது. பறவைகள் இரண்டும் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றின.

பெட்டியை மெல்லக் கீழே இறக்கினார். மூடியைத் திறந்து காட்டப் போனார். உள்ளே குஞ்சுகள் இரைந்தன.

"எனக்கு ஒண்ணும் காட்ட வேண்டாம் அண்ணாச்சி. ஆணியக் குடுங்க."

பிடுங்கிய ஆணியை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். குளத்தில் சேறுகூட இல்லை. தண்ணீர் வரும்போது விட்டுக்கொள்கிறேன் என்று நாலையும் முந்தானையில் முடிந்துகொண்டு கரையிலிருந்து இறங்கிப் போனாள். போகும்போது நடை கொஞ்சம் லேசாகியிருந்தது போல எனக்குப் பட்டது.

குஞ்சுகளை எடுத்துக்கொண்டு தூரத்துக்குப் போனால் தாய் தேடிக் கண்டுபிடிக்காது. பக்கத்தில் இருந்தது அந்த ஒற்றைப் பனை மட்டும்தான். அதே உயரத்தில் பெட்டியைக் கம்பியால் கட்டினார். இரண்டு மரத்துக்கும் நடுவே ஒரு வீட்டு முற்றத்துத் தூரம்கூட இராது. இங்கே தெரியாமலா போய்விடும் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தெரியாமல்தான் போய்விட்டது. புதருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தோம். பறவைகள் புளியமரத்துக்குத்தான் வந்தன. பெட்டி இருந்த இடத்தில் பட்டை வெளுத்துப்போயிருந்தது. அந்த வெளுப்பின் மேலே ஏறின, கீழே இறங்கின, பக்கவாட்டில் சுற்றி வந்தன. பனையில் குஞ்சுகள் கத்துவது எங்களுக்கே கேட்டது, அவற்றுக்குக் கேட்காதா? கேட்டிருக்கும். ஆனால் வீடு இங்கேதானே இருந்தது என்று அந்த வெளுப்பையே சுற்றின. ஒரு தடவை பெண் பறவை பனை வரைக்கும் பறந்து போனது. கம்பியும் வெயிலில் மின்னிய கூரைத் தகரமும் அதற்குப் பிடிக்கவில்லையோ என்னவோ, திரும்பிவிட்டது.

பனைக்கு நிழல் கிடையாது. இந்த ஒன்றை இருவருமே யோசிக்கவில்லை. மில்லில் லோடு வந்திருக்கிறது என்று போன் வந்து நான் கிளம்பிவிட்டேன். அத்தான் பொழுது அடைகிற வரைக்கும் அங்கேயே இருந்தாராம்.

அடுத்த நாள் பிற்பகல் போனேன். சித்திரை பிறக்கப் போகிற வெயில். ஈரத்துணியும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு ஏணி மேல் நின்றார். பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மூடியைச் சாத்தி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

"போச்சுல துரை" என்றார். "மூணும்."

ஒரு வார்த்தை திட்டலாம் என்று வந்தவன் நான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எதைச் சொல்வது? ஏணியை மடக்கப் போனேன். அப்போது சத்தம் கேட்டது.

டொக் டொக் டொக்.

புளியமரத்தில், பெட்டி இருந்த அதே வெளுப்பில், பெண் பறவை தொற்றிக்கொண்டு கொத்திக்கொண்டிருந்தது. உளுக்காத பச்சை மரம், அலகு இறங்கவில்லை. ஆனாலும் விடவில்லை. கொஞ்சம் நிறுத்தித் தலையைச் சாய்த்துக் கேட்கும், மறுபடி கொத்தும்.

கரைக்குக் கீழேயிருந்து பேச்சித்தாய் ஓடிவந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"ஆணிய எடுத்தாச்சுல்லா? எடுத்தாச்சுல்லா அண்ணாச்சி? இன்னும் தட்டுதாளே!"

அத்தான் மரத்தைக் கையால் காட்டினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளும் வீட்டுக்குள்ளிருந்து சத்தத்தை மட்டும் கேட்டவள், அன்றைக்குத்தான் பறவையைப் பார்த்தாள். அது எங்களைப் பார்த்துப் பயந்து பறக்கக்கூட இல்லை. கொத்தியது, நிறுத்திக் கேட்டது, கொத்தியது.

"அதுவா?" என்றாள்.

"அதுதான் தாயி."

"என்னத்துக்குத் தட்டுது?"

"குஞ்சு உள்ள இருக்குன்னு நெனச்சுத் தட்டுது."

"அப்ப அது தாயா?"

"ஆமா. தாய்."

பேச்சித்தாய் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழுதாள். தை மாதத்திலிருந்து உள்ளே கிடந்தது எல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. ஏ மாரி, ஏ எம்மாரி என்று மண்ணில் அடித்து அடித்து அழுதாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் பெண் பிள்ளை இருக்கிறது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஆணிகள் நாலையும் அத்தானிடம் நீட்டினாள்.

"திரும்ப மாட்டிருங்க அண்ணாச்சி. இருந்த எடத்துலயே மாட்டிருங்க."

"வேண்டாம் தாயி. ஊரு மறுபடியும்..."

"ஊரு என்னமும் சொல்லட்டும். எம் பிள்ளையக் கட்டிட்டாங்கன்னே சொல்லட்டும். நான் கேட்டுக்கிடுதேன். அது தட்டிக்கிட்டே இருக்குல்லா, அதோட பிள்ளைய அதுக்கிட்டச் சேத்துருங்க. எனக்கு இது ஒண்ணையாச்சும் செய்யுங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். ஆணிகளை வாங்கிக்கொண்டார்.

பனையிலிருந்து பெட்டியை இறக்கி, கவனமாக, உள்ளே தூங்குகிற பிள்ளை விழித்துவிடக் கூடாது என்கிற மாதிரி இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தார். பழைய ஓட்டைகளிலேயே ஆணிகளை வைத்து அடித்தார். நான் ஏணியைப் பிடித்திருந்தேன். தூரத்தில் ஆடு பத்திக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு வேகமாக நடந்தார். சாயங்காலத்துக்குள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரிந்தது. பேச்சித்தாயும் அந்த ஆளைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

நாங்கள் விலகியதும் பெண் பறவை வந்தது. வாசலில் தொற்றி, தலையை நீட்டிப் பார்த்து, உள்ளே போனது.

"சேந்துட்டு" என்றாள் பேச்சித்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவிழ்ந்த முடியைக் கொண்டை போட்டுக்கொண்டு, கரையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனாள்.

அவள் போன பிறகு பறவை வெளியே வந்தது. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது. மறுபடி உள்ளே போனது, மறுபடி வெளியே வந்தது. இருட்டத் தொடங்கும் வரை அதையே செய்தது. பிறகு இரண்டும் மேற்கே பறந்துவிட்டன. அதற்கப்புறம் பண்டாரங்குளத்தில் நாங்கள் மரங்கொத்தியைப் பார்க்கவில்லை.

அத்தான் அதன்பின் பெட்டி செய்யவில்லை. அறுத்து வைத்த பலகைகளை என் மில்லுக்கே திருப்பிக் கொண்டுவந்து போட்டார். இப்போது எல்லாரையும் போலக் காலையில் கோயிலுக்குப் போகிறார். பிராகாரத்தில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சித்திரை கடைசியில் ஒருநாள் அக்காவுக்குப் பூ வாங்கவேண்டும் என்று பூ மார்க்கெட்டுக்கு இருவரும் போயிருந்தோம். எதிரே பேச்சித்தாய் வந்தாள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது.

"அண்ணாச்சி, பறந்துட்டா?"

பேசியிருக்க வேண்டிய இடத்தில் வாயே திறக்காத மனிதர் அவர். இப்போது என்ன செய்வாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பறந்துட்டு தாயி" என்றார்.

"மூணுமா?"

"மூணும்."

பேச்சித்தாய் சிரித்தாள். முத்துமாரி போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அதான், இப்பச் சத்தமே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள். அத்தான் பூ வாங்க வந்ததை மறந்துவிட்டு வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். பூவை நான்தான் வாங்கிக்கொண்டு போனேன்.